'கெரான்' வந்தால் வீடு வருமா? வீடற்றோர் உதவியை ஒருங்கிணைக்கும் மானியம்: ஓர் எளிய விளக்கம்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், எங்கள் சுங்கை சிப்புட் பசார் (சந்தை) பக்கம் நாசி லெமாக் விற்கும் அக்கா ஒருவர் போன மாதம் என்னைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, வீடு இல்லாதவங்களுக்குக் கெரான் கொடுக்கறாங்களாமே. எங்க தோட்டத்து லயத்துல, அந்த வரிசை வீடுகள்ல, பதினோரு குடும்பம் இருக்கு. விண்ணப்பப் பாரம் யாருகிட்ட வாங்கணும்?"

நான் பாதி பதில் சொன்ன பிறகுதான், நாங்கள் இருவரும் வெவ்வேறு கெரானைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பது புரிந்தது. நம் ஊரில் கெரான் என்றால் முதலில் நினைவுக்கு வருவது நிலப்பட்டா. மலாயில் மானியத்துக்கும் அதே சொல்தான். அக்காவின் கைப்பேசிக்கு யாரோ அனுப்பிய செய்தி, அமெரிக்காவில் ஏதோ ஒரு மாவட்டத்தில் வீடற்றோர் சேவைகளை ஒருங்கிணைக்கக் கிடைத்த மானியம் பற்றியது. அது நாலு பேர் வாய் மாறி இங்கே வந்து சேரும்போது ஆளுக்கொரு பட்டாவாகிவிட்டது.

அக்காவைச் சொல்லிக் குற்றமில்லை. அதே வாரம் கோயில் கூட்டத்தில், நன்றாகப் படித்த ஒருவர் கேட்டார்: "ஒருங்கிணைப்புக்குக் காசாம். மீட்டிங் போடவா காசு? அந்தப் பணத்துல நாலு வீடு கட்டலாமே." இன்னொருவர், "எல்லாம் தலைவருங்க பாக்கெட்டுக்குத்தான்" என்று முடித்துவைத்தார். இரண்டுமே கேட்க வேண்டிய கேள்விகள்தாம். ஆனால் அந்தப் பணம் எதற்கு, யார் கையில், எந்த நிபந்தனையோடு வருகிறது என்பது தெரியாமல் கேட்டால் பதில் கிடைக்காது, சண்டைதான் கிடைக்கும்.

## சக்கரைப் பொங்கல் வழிந்த வெள்ளிக்கிழமை

நம்மவர்களுக்குத் தெரிந்த ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்: திருவிழா உபயம்.

தோட்டத்து மாரியம்மன் கோயிலில் பத்து நாள் திருவிழா என்றால் பத்து நாளுக்கும் உபயக்காரர்கள் உண்டு. முதல் நாள் கிராணி (தோட்ட எழுத்தர்) வீட்டு உபயம், இரண்டாம் நாள் வெட்டுக்காரர்கள் உபயம், மூன்றாம் நாள் லாரிக்காரர் உபயம். அவரவர் நாளுக்கு அவரவர் பூ, பால், எண்ணெய், அன்னதானம். யார் எந்த நாள் என்று பட்டியல் போடுவது கோயில் கமிட்டி.

நான் சிறுவனாக இருந்தபோது ஒரு வருடம் கமிட்டி இரண்டாக உடைந்தது. பட்டியல் போட ஆள் இல்லை. பக்தி மட்டும் குறையவே இல்லை. வெள்ளிக்கிழமை விசேஷம் என்று மூன்று குடும்பங்கள் ஒரே நாளில் அண்டா ஏற்றிவிட்டன. சக்கரைப் பொங்கல் வாங்க ஆளில்லாமல் ஆயாக்கொட்டகைக்குப் பின்னால் சாக்கடையில் கொட்டியதைப் பார்த்தேன். அடுத்து வந்த செவ்வாய்க்கிழமைக்கு யாருமே இல்லை. பண்டாரம் தன் காசில் எண்ணெய் வாங்கி விளக்கேற்றினார்.

அரிசியும் வெல்லமும் போன வருடத்தை விடக் குறைவாக வந்ததா? இல்லை, அதிகம்தான். குறைந்தது ஒரு தாள். யார், என்றைக்கு, எவ்வளவு என்று எழுதிய ஒரு தாள்.

அந்தத் தாளுக்குச் செலவு உண்டு. வீடு வீடாகப் போய்க் கேட்க வேண்டும், நோட்டீஸ் அடிக்க வேண்டும், கணக்கு எழுத வேண்டும், தகராறு வந்தால் இரு பக்கமும் உட்காரவைத்துப் பேச வேண்டும். இதற்கு மட்டும் உபயக்காரர் கிடைக்க மாட்டார். "ஏழாம் நாள் அன்னதானம், இன்னார் குடும்பத்தார்" என்று பேனர் கட்டலாம். "டெலிபோன் பில், இன்னார் குடும்பத்தார்" என்று யார் பேனர் கட்டுவார்கள்?

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: உதவி வேறு, உதவியை வரிசைப்படுத்தும் வேலை வேறு. இரண்டாவதற்கும் பணம் வேண்டும், ஆனால் அதை விரும்பிக் கொடுக்க ஆள் வருவதில்லை. ஒருங்கிணைப்பு மானியம் என்பது அந்தத் தாளுக்கான உபயம்.

## அஞ்சடியில் மூன்று பொட்டலம்

இனி கோயிலை விட்டு ரோட்டுக்கு வருவோம்.

கடைவீதி அஞ்சடியில், அதாவது கடைகளுக்கு முன்னால் கூரை போட்ட நடைபாதையில், ஒரு பெரியவர் சில மாதங்கள் படுத்திருந்தார். எழுபதை நெருங்கிய வயது. பால்மரம் சீவியவர், பிறகு செம்பனைக் குலை வெட்டியவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசினேன். தலைமாட்டில் மூன்று பொட்டலம்: ஒன்றில் கோழி பிரியாணி, ஒன்றில் மீகூன், ஒன்றில் தயிர் சாதம். முக்கால் மணி நேரத்துக்குள் மூன்று குழுக்கள் வந்து கொடுத்துவிட்டுப் படம் பிடித்துப் போயிருந்தன. "காலையில கெட்டுப் போயிடும் தம்பி. பூனைக்குத்தான்" என்றார். மற்ற நாளில்? "செவ்வாக்கிழமை வெறும் தண்ணி."

சாப்பாடாவது வந்தது. அவருக்கு உண்மையில் வேண்டியது வேறு. ஐசி (அடையாள அட்டை) தொலைந்திருந்தது. ஐசி இல்லாமல் உதவித்தொகைப் பாரம் நகராது. பாரத்தில் முகவரி கேட்பார்கள். முகவரி வேண்டுமென்றால் வாடகைக்கு ஓர் அறை வேண்டும். அறைக்கு முன்பணம் வேண்டும். முன்பணத்துக்கு உதவித்தொகை வர வேண்டும். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்துக் காட்டினார். நாலு கையெழுத்தில் நாலு தொலைபேசி எண்கள். ஒவ்வோர் இடத்திலும் அடுத்த இடத்தின் எண்ணை எழுதிக் கொடுத்திருந்தார்கள். முதல் எண்ணும் நாலாவது எண்ணும் ஒன்றே.

அந்த நாலு மேசைகளிலும் இருந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஒவ்வொருவரும் தன் மேசை வேலையைச் சரியாகவே செய்தார்கள். ஒரு மேசைக்கும் அடுத்த மேசைக்கும் இடையே இருந்த தூரம் மட்டும் யாருடைய வேலையும் இல்லை. பெரியவர் மாட்டிக்கொண்டது அந்த இடைவெளியில்.

பெரிய நகரத்திலும் இதே கதைதான். 2014 ஜூலையில் கோலாலம்பூர் மையத்தில், லாட் 10 வணிக வளாகத்திலிருந்து 2 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் இலவச உணவு கொடுக்கக் கூடாது என்று ஓர் அறிவிப்பு வந்து பெரிய சர்ச்சை ஆனது. குப்பை சேர்கிறது, ஒரே ஆளுக்குப் பலமுறை கிடைக்கிறது என்பது ஒரு தரப்பு. பசித்தவனுக்குச் சோறு போடுவதைத் தடுப்பதா என்பது இன்னொரு தரப்பு. எனக்கு இரண்டாவது தரப்போடுதான் உடன்பாடு. ஆனாலும் முதல் தரப்பு சொன்ன குறையில் பாதியைத் தடை எதுவும் போடாமல், ஒரு நாள்காட்டியை வைத்தே தீர்த்திருக்கலாம் என்று இன்றும் நினைக்கிறேன்.

## மானியம்: கணக்குக் கேட்கும் தானம்

கடன் என்றால் திருப்பித் தர வேண்டும். தானம் என்றால் கொடுத்தவர் கணக்குக் கேட்க மாட்டார். இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பது மானியம். திருப்பித் தர வேண்டாம், ஆனால் எதற்கென்று வாங்கினோமோ அதற்கு மட்டுமே செலவழித்து, ரசீதோடு கணக்குக் காட்ட வேண்டும். தவறினால் பணத்தைத் திரும்பக் கேட்பார்கள், அடுத்த முறை கிடைக்காது.

மானியம் பொதுவாகத் தனியாளின் கைக்கு வராது. பதிவு பெற்ற சங்கம், அறநிலையம், ஊராட்சி அமைப்பு போன்றவற்றுக்கே வரும். எனவே நாசி லெமாக் அக்கா பாரம் வாங்கிப் பூர்த்தி செய்தால் அவர் வீட்டுக்குக் காசோலை வராது. அவருக்கு உதவக்கூடிய அமைப்புக்கு வரலாம்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். இந்தச் செய்தியைப் பேசும்போது நம் ஊர்ப் பெரியவர்கள் உடனே முன்னாள் அமைச்சர் துன் சம்பந்தனை இழுக்கிறார்கள். இதே சுங்கை சிப்புட்டில் பிறந்த அவர், பெரிய தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற தோட்டத் துண்டாடல் காலத்தில், 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களின் சிறுசேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை வாங்கவைத்தார். பெரிய காரியம், ஆனால் மானியம் அல்ல. அது பங்குதாரர்களின் சொந்தப் பணம், அதனால் அவர்களுக்கு உரிமை உண்டு, லாபத்தில் பங்கு உண்டு. மானியத்தில் யாருக்கும் பங்கு கிடையாது. ஒப்பிடக்கூடியது ஒன்றுதான்: தனித்தனியாகச் சிதறிக் கிடந்தால் பயன்படாத பணம், ஒரு கணக்கில் சேர்ந்தபோது வேலை செய்தது.

## அமெரிக்காவில் இது எப்படி நடக்கிறது

அக்காவின் கைப்பேசிக்கு வந்தது அமெரிக்கச் செய்தி என்பதால் அந்த ஊர் ஏற்பாட்டையே எடுத்துக்கொள்வோம். ஒருங்கிணைப்பை மானியத்தின் நிபந்தனையாகவே வைத்த முறை அது, பார்த்துப் புரிந்துகொள்ளச் சுலபம்.

1987இல் அங்கே வீடற்றோர் உதவிக்கென்று ஒரு கூட்டரசுச் சட்டம் வந்தது. இன்று அதை மக்கினி-வென்டோ சட்டம் என்கிறார்கள். பணம் வந்தது, ஆனால் ஒவ்வோர் அமைப்பும் தனித்தனியாக விண்ணப்பம் போட்டது. ஒரே ஊரில் மூன்று அமைப்புகள் இரவுத் தங்குமிடம் கேட்டன, குடியமர்த்தும் வேலைக்கு எவரும் கேட்கவில்லை என்பது போன்ற நிலை. நம் வெள்ளிக்கிழமைப் பொங்கல் கதைதான். 1990களின் நடுப்பகுதியில் வீடமைப்புத் துறை விதியை மாற்றியது: இனி ஊருக்கு ஒரே விண்ணப்பம், முதலில் நீங்கள் கூடிப் பேசிவிட்டு வாருங்கள். 2009இல் வந்த ஹார்த் சட்டம், சிதறிக் கிடந்த மூன்று திட்டங்களை ஒன்றாக்கி இந்த முறையைச் சட்டத்திலேயே எழுதிவைத்தது.

அப்படிக் கூடும் ஊர்க் குழுவுக்கு 'கண்டினியம் ஆஃப் கேர்' என்று பெயர். உதவி நடுவில் அறுந்துபோகாமல், ரோட்டிலிருந்து நிலையான வீடு வரை தொடர வேண்டும் என்ற பொருளில் வைத்தது. நான் அதை ஊர்க் கூட்டணி என்று சொல்லிக்கொள்கிறேன். நாடு முழுவதும் ஏறத்தாழ 400 கூட்டணிகள் உள்ளன. தங்குமிடம் நடத்துவோர், ஊராட்சி, மருத்துவமனை, பள்ளி, காவல்துறை எல்லாம் அதில் உறுப்பினர்களாக இருக்கலாம். வருடத்துக்குக் குறைந்தது இரண்டு முறை முழுக் கூட்டம் கூட வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த விதி ஒன்று உண்டு: நிர்வாகக் குழுவில் குறைந்தது ஒருவராவது வீடற்றவராக, அல்லது முன்பு அப்படி இருந்தவராக இருக்க வேண்டும். நம் ஊர்க் கூட்டங்களில் யாருக்காகப் பேசுகிறோமோ அவரைத் தவிர எல்லோரும் இருப்பார்கள்.

கூட்டணி பேசி முடிவெடுக்கும். ஆனால் கையெழுத்துப் போட, கணினியில் விண்ணப்பத்தை ஏற்ற ஒருவர் வேண்டுமே. கூட்டணி தன் சார்பில் நியமிக்கும் அந்த அமைப்புக்குக் கூட்டு விண்ணப்பதாரர் என்று பெயர். கோயில் கமிட்டிச் செயலாளர் மாதிரி. உபயப் பணம் அவருடையது இல்லை, பட்டியல் அவர் கையில். வந்திருக்கும் திட்டங்களில் எது முதலில், எது பிறகு என்று ஊர்க் கூட்டணியே தரவரிசை போட்டு அனுப்ப வேண்டும். அங்கேதான் அடிதடி நடக்கும். நண்பர்களின் திட்டத்தைக் கீழே இறக்க எவருக்கு மனசு வரும்?

இப்போது கோயில் கூட்டத்தில் எழுந்த கேள்விக்கு வருவோம்: மீட்டிங்குக்கா இவ்வளவு பணம்? இல்லை. மானியத்தின் பெரும்பகுதி வீட்டுக்கும் வாடகைக்கும்தான் போகிறது. ஊனமோ நீண்டகால நோயோ உள்ளவர்களுக்குத் துணைச் சேவையோடு நிரந்தர வீடு. மற்றவர்களுக்கு அதிகபட்சம் 24 மாதம் வரை வாடகை உதவி. பிறகு, உதவி கேட்டு வருவோரின் விவரத்தைப் பதிந்துவைக்கும் தகவல் ஏட்டுக்கு ஒரு பங்கு. திட்டமிடுதல், ஒருங்கிணைத்தல் என்ற தலைப்பில் கூட்டு விண்ணப்பதாரர் கேட்கக்கூடியது, அந்த ஊருக்கென்று கணக்கிடப்படும் தொகையில் 3 முதல் 5 விழுக்காடு போன்ற ஒரு சிறு துண்டு. நூறு வெள்ளிக்கு (ரிங்கிட்) பொங்கல் வைத்தால் நோட்டீசுக்கு மூன்று வெள்ளி, ஐந்து வெள்ளி.

பாக்கெட் கேள்விக்கும் பதில் இருக்கிறது, கொஞ்சம் நீளமானது. மானியம் வாங்கும் அமைப்பு, சில செலவு வகைகளைத் தவிர மற்றவற்றுக்கு, வாங்கும் தொகையில் 25 விழுக்காட்டைத் தானும் கொண்டுவர வேண்டும். இதை ஈட்டுப் பங்கு என்று வைத்துக்கொள்வோம். ஒரு லட்சம் வாங்கினால் இருபத்தையாயிரம் நம் பக்கத்திலிருந்து. காசாகத்தான் என்றில்லை. ஒரு வழக்கறிஞர் இலவசமாகக் கொடுக்கும் நேரம், ஒரு கடைக்காரர் கொடுக்கும் பாய் தலையணை, எல்லாவற்றுக்கும் மதிப்புப் போட்டு, தாளில் எழுதி, ஒப்பந்தத்தோடு காட்டலாம். நிர்வாகச் செலவுக்கு 10 விழுக்காடு என்று உச்சவரம்பும் உண்டு. இதையெல்லாம் மீறித் திருட முடியாதா என்றால், முடியும், உலகத்தில் எதைத்தான் திருட முடியாது. ஆனால் "கேட்பார் இல்லை" என்று சொல்ல முடியாது. உண்மையில் சிறிய அமைப்புகள் விழுவது திருட்டில் அல்ல, ஈட்டுப் பங்கு திரட்ட முடியாமலும் ரசீதை ஒழுங்காக வைக்கத் தெரியாமலும்தான். எங்கள் கோயில் கணக்கை எழுதியவன் என்ற முறையில் இதை நான் முழு அனுதாபத்தோடு சொல்கிறேன்.

நினைவில் வைக்க வேண்டியது: ஊர் கூடுகிறது, ஒருவர் விண்ணப்பிக்கிறார், பெரும்பங்கு வீட்டுக்குப் போகிறது, சிறு துண்டு ஒருங்கிணைப்புக்கு, கால் பங்கை ஊரே திரட்டுகிறது.

## சிவப்பு, மஞ்சள், பச்சை

ஒருங்கிணைப்புக்கு வாங்கிய காசில் அப்படி என்னதான் செய்கிறார்கள்? முக்கியமானது ஒரே வாசல் முறை.

அரசாங்க மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போனவர்களுக்கு இது உடனே புரியும். காலை எட்டு மணிக்கு வந்து உட்கார்ந்திருப்போம், பச்சை வட்டாரம். பத்து மணிக்கு ஒருவரைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து நேராகச் சிவப்பு வட்டாரத்துக்குள் தள்ளுவார்கள். எரிச்சலாக இருக்கும், ஆனாலும் நாம் சண்டை போடுவதில்லை. முதலில் வந்தவருக்கு முதலில் என்றால் அவர் செத்துப்போவார் என்பது நமக்குத் தெரியும்.

ஒரே வாசல் முறையும் அப்படித்தான். எந்த அமைப்பின் கதவைத் தட்டினாலும் ஒரே மாதிரிக் கேள்விகள், ஒரே பட்டியல். ஆபத்து யாருக்கு அதிகமோ, ரோட்டில் யார் நீண்ட காலம் இருக்கிறாரோ, அவர் மேலே. வீடு காலியானதும் பட்டியலில் மேலே இருப்பவருக்கு அழைப்பு. அஞ்சடிப் பெரியவர் நாலு எண்களைச் சுமந்து திரிய வேண்டியதில்லை. அவர் விவரம் ஒருமுறை எழுதப்பட்டு, நாலு மேசைக்கும் அந்த ஏடு போகும்.

இந்த ஏட்டில் ஒரு பூட்டும் உண்டு. புருஷன் அடிக்குப் பயந்து ஓடிவந்த பெண்களுக்கு உதவும் அமைப்புகள் அவர்கள் விவரத்தை இந்தப் பொது ஏட்டில் ஏற்றக் கூடாது, அமெரிக்கச் சட்டம் தடுக்கிறது. அவர்களுக்குத் தனி ஏடு. நம் ஊரில் யார் எங்கே தங்கியிருக்கிறார் என்ற செய்தி எவ்வளவு வேகமாகப் பரவும் என்று தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

இன்னொரு வேலை, ஓரிரவுக் கணக்கெடுப்பு. ஜனவரி மாதத்தின் கடைசிப் பத்து நாளில் ஓர் இரவு, தொண்டர்கள் டார்ச் விளக்கோடு தெருத்தெருவாகப் போய் எண்ணுவார்கள். அன்றிரவு கண்ணில் பட்டவர் கணக்கில் வருவார், படாதவர் வரமாட்டார். குறையுள்ள கணக்குதான்.

## கூடத்தில் படுப்பவர் எந்தக் கணக்கு?

இங்கேதான் தோட்டப்புறத்துக்காரர்கள் நாம் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். யாரை வீடற்றவர் என்பது? சொல்லுக்குக் கொடுக்கும் விளக்கம்தான் பணம் யாருக்குப் போகும் என்பதை முடிவு செய்கிறது.

அமெரிக்க வீடமைப்புத் துறையின் கணக்கில், ரோட்டிலோ காரிலோ தங்குமிடத்திலோ இரவைக் கழிப்பவர் வீடற்றவர். 14 நாளுக்குள் வீட்டை இழக்கப்போகிறவர், வேறு போக்கிடமும் பணமும் இல்லையென்றால், அவரும் வரலாம். ஆனால் அண்ணன் வீட்டுக் கூடத்தில் பிள்ளைகளோடு பாய் விரித்துப் படுப்பவர் பெரும்பாலும் வரமாட்டார். வேடிக்கை என்னவென்றால், அதே நாட்டின் கல்விச் சட்டப் பிரிவில் அந்தப் பிள்ளைகள் வீடற்ற பிள்ளைகள்தான். ஒரே குடும்பம், பள்ளிக்கூடத்தில் ஒரு கணக்கு, வீட்டு அலுவலகத்தில் வேறு கணக்கு.

நம் பக்கம் சட்டப் புத்தகத்தில் இருப்பது 1977ஆம் ஆண்டு ஆதரவற்றோர் சட்டம், மலாயில் அக்தா ஓராங் பாப்பா. பிச்சை எடுப்பவர், பிழைக்க வழியின்றித் திரிபவர் என்ற பார்வையில் எழுதப்பட்டது. அப்படிப்பட்டவரைச் சமூகநல அதிகாரி அழைத்துப்போய், நீதிபதியின் உத்தரவின்பேரில் விசாரணைக்காக ஒரு மாதம் வரை காப்பகத்தில் வைக்கலாம், பிறகு மூன்று ஆண்டு வரை தங்கவைக்க உத்தரவிடலாம். தெருவிலிருந்து ஆளை எடுக்க அது வழி சொல்கிறது. வாடகை வீட்டில் ஆளை அமர்த்துவது அதன் நோக்கமல்ல. 'கெலண்டாங்கான்' என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் வீடற்றவருக்கும் அந்தச் சட்டம் சொல்லும் 'பாப்பா'வுக்கும் இடையே பெரிய தூரம் இருக்கிறது. வேலைக்குப் போய்வந்து இரவில் அஞ்சடியில் படுப்பவர் கெலண்டாங்கான்தான், ஆனால் பிச்சைக்காரர் இல்லை.

தோட்டத்து வீடு இன்னும் சிக்கல். லயத்து வீடு வேலையோடு வந்தது. முதலாளி கொடுக்கும் வீட்டில் தண்ணீரும் வசதியும் எப்படி இருக்க வேண்டும் என்று 1990ஆம் ஆண்டுத் தொழிலாளர் குறைந்தபட்ச வீடமைப்பு வசதிச் சட்டம் சொல்கிறது. வேலை நின்ற பிறகு அந்தக் குடும்பம் எங்கே போகும் என்பது அதன் பொருள் அல்ல. தோட்டம் கைமாறி, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, செம்பனை போய்த் தாமான் (புதுக் குடியிருப்பு) வந்த இடங்களில் எத்தனை குடும்பங்கள் நோட்டீசைக் கையில் வைத்துக்கொண்டு அதே வீட்டில் உட்கார்ந்திருந்தன என்பதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். அக்காவின் பதினோரு குடும்பமும் அப்படித்தான். தலைக்கு மேல் தகரம் இருக்கிறது. கையில் தாள் இல்லை. டார்ச் அடித்து எண்ணினால் அவர்கள் கணக்கில் வரவே மாட்டார்கள். அவர்களுக்குச் சட்ட உதவியும் மாற்று வீட்டுக்கான பேச்சுவார்த்தையும் வேண்டும். அஞ்சடிப் பெரியவருக்கு ஐசியும் அறையும் வேண்டும். இரண்டையும் 'வீடில்லாதவர்' என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டினால் இரண்டு பேருக்கும் ஒன்றும் சரியாக நடக்காது.

## ஹூஸ்டன் சொல்வது, சொல்லாதது

ஒருங்கிணைப்பு வேலை செய்யுமா என்று கேட்பவர்களுக்கு எல்லோரும் காட்டும் ஊர், டெக்சஸ் மாநிலத்தின் ஹூஸ்டன். 2011 வாக்கில் அங்கே நூற்றுக்கு மேற்பட்ட அமைப்புகள் ஆளுக்கொரு திசையில் இழுத்துக்கொண்டிருந்தன. அவற்றை ஒரே திட்டத்துக்குள் கொண்டுவந்து, ஒரே பட்டியலில் வேலை செய்யவைத்தார்கள். அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் 25,000க்கும் மேற்பட்டவர்களை வீடுகளில் குடியமர்த்தினார்கள். வீடற்றோர் எண்ணிக்கை 60 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது.

அவர்கள் கையாண்டது 'முதலில் வீடு' என்ற வழி. குடியை விட்டால் வீடு, மருந்து சாப்பிட்டால் வீடு என்று நிபந்தனை போடாமல், முதலில் வீட்டைக் கொடுத்துவிட்டு மற்றதைப் பிறகு பார்ப்பது. 1992இல் நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் என்ற மனநல வல்லுநர் தொடங்கிவைத்த முறை. பின்லாந்து 2008இலிருந்து இதையே தேசியக் கொள்கையாக எடுத்துக்கொண்டது. எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது. அமெரிக்காவில் ஆட்சி மாறினால் மானியத்தின் முன்னுரிமையும் மாறுகிறது.

ஆனால் ஹூஸ்டனை மட்டும் காட்டி முடித்தால் பொய்யாகிவிடும். 2024 ஜனவரியில் ஒரே இரவில் அமெரிக்கா முழுவதும் எண்ணியபோது 7,71,480 பேர் வீடற்றிருந்தார்கள். முந்தைய ஆண்டை விட 18 விழுக்காடு அதிகம். கூட்டணி, ஒரே வாசல், ஏடு எல்லாம் இருந்தும்தான் இது. வாடகை ஏறிக்கொண்டே போனால் பட்டியல் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது காத்திருப்போர் பட்டியல்தான். ஹூஸ்டனில் வாடகை மற்ற பெருநகரங்களை விட மலிவு, வீடு கட்டக் கட்டுப்பாடும் குறைவு என்பதைச் சேர்த்தே பார்க்க வேண்டும். உபயப் பட்டியல் அண்டாவை நிரப்பாது. நிரம்பிய அண்டா யாருக்குப் போக வேண்டும் என்பதை மட்டும் சொல்லும்.

## இங்கே கொண்டுவந்து வைத்தால்

நம் நாட்டில் பணம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. சமூகநல இலாகா உதவித்தொகை தருகிறது. மக்கள் வீடமைப்புத் திட்டத்தில் மலிவு வாடகை வீடுகள் இருக்கின்றன. இந்திய சமுதாயத்துக்கென்று 2018இல் மித்ரா என்ற அரசாங்கப் பிரிவு வந்தது, ஆண்டுக்கு 10 கோடி ரிங்கிட் ஒதுக்கீட்டோடு. கோயில்கள், தேவாலயங்கள், மசூதிகள், சூப் கிச்சன் குழுக்கள் தனி. தோட்டப்புற ஊர் ஒன்றுக்கு இவையெல்லாம் வெவ்வேறு ஊர்களிலிருந்து, வெவ்வேறு பாரங்களோடு வருகின்றன. சுங்கை சிப்புட்டிலிருந்து கோலகங்சாருக்கோ ஈப்போவுக்கோ போய்வர ஒரு நாள் கூலி போய்விடும்.

ஆகவே, மானியத்துக்கு விண்ணப்பிக்கும் நம் சங்கங்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: பாய், அரிசி, சட்டி என்று பட்டியல் போடும்போது ஓர் ஆளின் பாதிச் சம்பளத்தையும் சேர்த்துக் கேளுங்கள். அந்த ஆளின் வேலை, பெரியவரோடு நாலு மேசைக்கும் நடப்பது, யாருக்கு என்ன ஆனது என்று எழுதிவைப்பது. வெட்கப்பட ஒன்றுமில்லை. இதை மறைத்து 'இதர செலவு' என்று எழுதுவதுதான் பிறகு பாக்கெட் கதைக்கு இடம் கொடுக்கிறது.

அக்காவிடம் இதையெல்லாம் இரண்டு தே தாரே குடித்து முடிக்கும் நேரத்தில் சொன்னேன். "அப்ப எங்க பதினோரு வீட்டுக்கும் கெரான் கிடையாதா?" என்றார். அந்தக் கெரானுக்கு நில அலுவலகம், வழக்கறிஞர், தோட்ட நிர்வாகம் என்று வேறு பாதை இருக்கிறது, முதலில் பதினோரு குடும்பத்தின் நோட்டீசையும் பழைய சம்பளச் சீட்டையும் ஒரே கோப்பில் சேருங்கள் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டுக் கல்லாவுக்குக் கீழேயிருந்து பள்ளிக்கூடப் பயிற்சிப் புத்தகம் ஒன்றை எடுத்தார்.

முதல் பக்கத்தில் பதினோரு பெயர். கடைசிப் பக்கத்தைத் திருப்பி, கிழமைகளைக் கீழே கீழே எழுதி, ஞாயிறு சாப்பாடு கொடுக்கும் மூன்று குழுக்களின் எண்ணையும் என்னிடம் கேட்டு வாங்கிக்கொண்டார். ஒருவரை வியாழனுக்கும், ஒருவரை வெள்ளிக்கும் மாற்றிவிட்டார். எப்படிப் பேசினாரோ தெரியவில்லை. திங்களுக்கும் புதனுக்கும் அவரே மிச்ச நாசி லெமாக் கட்டுகிறார். சனிக்கிழமை கோயில். செவ்வாய்க்கு நேரே இன்னும் பென்சிலால் ஒரு கேள்விக்குறிதான் இருக்கிறது.